நூல் அளக்கும் வான்வழி

பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்பிய யாழ்ப்பாணத்துத் தாய், தேசப்படத்தை விரித்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோ விமான நிலையத்துக்கு அளவுகோல் வைக்கிறாள். கோடு அரேபியாவையும் வட ஆபிரிக்காவையும் தாண்டி அத்திலாந்திக் சமுத்திரத்தின் மீது செல்கிறது. ஆயின், உருண்டைப் பூமியைத் தட்டையாக விரித்த படம் தூரத்தை மெய்யாகக் காட்டாது.

பூகோள உருண்டையொன்றில் அவ்விரு இடங்களுக்கும் இடையே நூலை இறுகப் பிடியுங்கள். அது வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்துள் நுழைந்து, கனடாவில் இறங்கும். இதுவே மிகக் குறுகிய வழி. உருண்டையின் சுற்றளவு 100 சென்ரிமீற்றராயின், நூல் ஏறத்தாழ 34¼ சென்ரிமீற்றர் இருக்கும். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீற்றர். அதில் நூற்றுக்கு 34¼ பங்கு 13,700 கிலோமீற்றர்.

இடையில் விமானம் மாறிச் செல்லும் பிள்ளைக்கு வழி இதனினும் நீளும். ஆகவே, தாய்மாரே, சேர்ந்த செய்தி சற்றுத் தாமதித்தால் கலங்கவேண்டா.