நின்ற பின்பே தொடுக: தோப்பும் இயந்திரமும் நம் கைகளும்

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் தென்னை, பலா, வாழைத் தோட்டங்களைப் பெருமளவில் சாய்த்தது. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர 6, 7 ஆண்டுகள் ஆகும். புயலுக்குப் பின் நடப்பட்ட கன்றுகள் இப்போதுதான் பலன் தரும் பருவத்தை எட்டியுள்ளன. இவ்வாறு மீண்டெழுந்த தோப்புகளில் ஆள் பற்றாக்குறையை ஈடுசெய்வன இயந்திரங்களே. நீர்மூழ்கி மோட்டார், பவர் டில்லர், புல்வெட்டும் இயந்திரம், விசைத்தெளிப்பான், மரம் அறுக்கும் இயந்திரம் ஆகியவை இன்று பல வீடுகளில் உள்ளன. அவற்றைப் பராமரிக்கும் வேளையில் கையும் கண்ணும் உயிரும் காக்கப்பட வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நிறுத்துதல் வேறு, இணைப்பை நீக்குதல் வேறு

ஓடும் இயந்திரத்தின் ஆபத்தை எவரும் அறிவர். நின்றுள்ள இயந்திரத்தின் ஆபத்தையே நாம் மறந்துவிடுகிறோம். மும்முனை மின்சாரம் வந்தவுடன் தானே ஓடத் தொடங்கும் வகையில் பல மோட்டார்களுக்குத் தானியங்கி ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டுள்ளது. சிலவற்றைக் கைப்பேசியின் வழியே வீட்டிலிருந்தும் இயக்கலாம். கிணற்றடியில் ஒருவர் கம்பியைப் பிரித்துக்கொண்டிருக்கையில், மின்சாரம் திரும்பக்கூடும். அல்லது செய்தி அறியாமல் மகனோ மனைவியோ மோட்டாரை இயக்கிவிடக்கூடும்.

ஆகவே ஸ்டார்ட்டர் பெட்டியின் பொத்தானை அழுத்தி நிறுத்துவது மட்டும் போதாது. மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கட்டைகளைக் கழற்றி, வேலை முடியும்வரை தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும். மின் இணைப்பைப் பிரிக்கும் பணியைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடம் விடுவதே நன்று.

பெட்ரோல் இயந்திரங்களுக்கும் இதே நெறி பொருந்தும். கத்தியில் சிக்கிய புல்லை அகற்றும்போதோ கத்தியைத் தீட்டும்போதோ, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியை முதலில் கழற்றிவிட வேண்டும். கத்தியைக் கையால் சுழற்றும்போது இயந்திரம் உயிர்பெறும் வாய்ப்பு அதனால் நீங்கும்.

பராமரிப்பே பாதுகாப்பு

மழுங்கிய வாள் மிகுந்த விசையைக் கேட்கும். அவ்விசையே கையை வழுக்கச் செய்யும். தளர்ந்த திருகாணி கத்தியைக் கழன்று பறக்கச் செய்யும். பெல்ட்டின் மேலுள்ள மூடியைக் கழற்றினால், பணி முடிந்ததும் மீண்டும் பூட்டிய பின்னரே இயக்க வேண்டும். மூடியற்ற பெல்ட்டு வேட்டி நுனியையும் சேலை முந்தானையையும் தோளில் கிடக்கும் துண்டையும் நொடிப்பொழுதில் இழுத்துக்கொள்ளும். மோட்டாரின் எர்த் கம்பி அறுபடாமல் உள்ளதா என்று பார்ப்பதும், கோடையில் எர்த் குழிக்கு நீர் ஊற்றி ஈரம் காப்பதும் இன்றியமையாதவை.

தெளிப்பானின் முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். பூச்சிமருந்து உடலுக்குள் செல்ல அதனினும் எளிய வழி வேறில்லை. கையுறை அணிந்து, நீரில் கழுவி, மென்மையான தூரிகையால் அடைப்பை நீக்குங்கள்.

புல்வெட்டும் இயந்திரம் கல்லையும் கம்பித் துண்டையும் தெறிக்கச் செய்யும். இயக்குபவர் கண்ணாடியும் மூடிய காலணியும் அணிய வேண்டும். குழந்தைகள் உட்பட மற்றவர் 15 மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும்.

டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது உயிருக்கே ஊறு விளைவிக்கும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் மயங்கிவிடுவார். தீயணைப்புத் துறையை அழைப்பதே வழி.

விபத்து நேர்ந்தால்

• விரல் துண்டானால், துண்டைத் தூய ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டுங்கள். அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து உடன் கொண்டுவாருங்கள். துண்டின் மேல் பனிக்கட்டி நேரடியாகப் படக் கூடாது. காயத்தை அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடியுங்கள்.

• கண்ணில் இரும்புத் துகள் குத்தினால் கசக்கவோ எடுக்கவோ வேண்டா. காகிதக் குவளையால் அழுத்தாமல் மூடி அழைத்துவாருங்கள்.

• மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் மெயினை நிறுத்துங்கள். உணர்வின்றி மூச்சும் இல்லையெனில் 108ஐ அழைத்து, மார்பை இடைவிடாது அழுத்துங்கள்.

• மண் கலந்த காயம் சிறிதாயினும், இரணஜன்னித் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்து தோப்புக்குத் திரும்புவோருக்கு

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர், ஓடும் பெட்ரோல் இயந்திரத்தின் மின்பொறிப் பகுதியிலிருந்து குறைந்தது 30 செ.மீ. விலகியிருக்க வேண்டும், மரம் அறுக்கும் இயந்திரத்தை மருத்துவரைக் கேளாமல் தொடக் கூடாது. வயிற்றிலோ மார்பிலோ அறுவை சிகிச்சை பெற்றவர், தையல் பிரித்ததும் கயிற்றை இழுத்து இயந்திரத்தை இயக்க முனைதல் ஆகாது. வெளியே தோல் ஆறினாலும் உள்ளே தசை ஆறக் காலம் பிடிக்கும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவருக்குச் சிறு வெட்டும் பெரிதாகும். நீரிழிவு உள்ளவர் வெறுங்காலுடன் தோப்பில் நடத்தல் ஆகாது. குத்திய முள் வலிக்காமலே புண்ணாகும்.

வீடு திரும்பும் நாளில், "வேலைக்குப் போகலாமா?" என்று பொதுவாகக் கேட்டால், பொதுவான விடையே கிடைக்கும். எந்த இயந்திரத்தை இயக்குகிறீர்கள், எவ்வளவு எடை தூக்குகிறீர்கள், பழுதுபார்ப்பதும் நீங்கள்தானா என்பதை விளக்கிச் சொல்லுங்கள். எந்தப் பணியை எந்நாளிலிருந்து செய்யலாம் என்பதை மருத்துவர் சீட்டிலேயே எழுதித் தருமாறு கேளுங்கள். அதுவரை தோப்பைப் பார்த்துக்கொள்வது யார் என்பதைக் குடும்பத்தார் அன்றே பேசி முடிவுசெய்வது நலம்.