கழற்றியதில் எதைத் திரும்பப் பூட்டலாம்?

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புதிய உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. கழற்றியதைத் துடைத்து, உரசித் திரும்பப் பூட்டினார்கள். அந்தப் பழக்கம் எங்கள் கராஜ்களில் இன்றும் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கினாலும், வரியோடு சேர்ந்த விலை பலருக்கு எட்டாதது. ஹயர் ஓடிக் குடும்பம் பார்ப்பவருக்குப் பழைய எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதுதான் வழி.

அப்படிக் கட்டும்போது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கேம் ஷாப்ட் தேய்ந்துவிட்டது, டப்பெட்டுகள் நல்லாத்தான் இருக்கு. கேமை மட்டும் மாத்தினால் போதாதா?"

போதாது. மொரிஸ் மைனருக்கு 1952 முதல் வந்த ஏ சீரீஸ் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். கேமின் மேடு டப்பெட்டை உயர்த்தும்; புஷ் ரொட் வழியாக ரொக்கர் அசைந்து வால்வைத் திறக்கும். டப்பெட்டின் அடி தட்டையாகத் தெரிந்தாலும் மிகச் சற்றே குவிந்திருக்கும். அதனால்தான் அது சுழன்றபடி ஏறி இறங்குகிறது. தேய்மானம் ஓரிடத்தில் விழாது. பல்லாயிரம் மைல் ஓடியபின் ஒவ்வொரு டப்பெட்டும் தன் மேட்டுக்கு ஏற்பப் பழகிவிடும். பழைய டப்பெட்டைப் புதிய கேமில் வைத்தால் அது சரியாகச் சுழலாமல் உராயும். மேட்டின் கடினமான மேற்பரப்பு மெல்லியது. அது போனால் மேடு விரைவில் கரையும். கரைந்த இரும்புத்தூள் ஒயிலோடு பெயரிங்குகளுக்குப் போகும். மிச்சம் பிடித்த காசைவிடப் பெரிய செலவு அது.

ஆகவே புதிய கேமுக்குப் புதிய டப்பெட். பழைய கேம் நல்ல நிலையில் இருந்தால் பழைய டப்பெட்டுகளைத் தாராளமாகப் போடலாம், ஆனால் அதனதன் இடத்திலேயே. கழற்றும்போதே ஒரு மட்டையில் எட்டுத் துளையிட்டு, இலக்கமிட்டு, ஒழுங்காகச் செருகி வையுங்கள். டப்பெட்டின் அடியில் இரும்பு அடிமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் ஒளி தெரிந்தால் குழி விழுந்துவிட்டது. மேற்பரப்பில் பொத்தல் இருந்தாலும் கழித்துவிட வேண்டும்.

மற்றவற்றையும் வீட்டிலேயே சோதிக்கலாம். புஷ் ரொட்டைக் கண்ணாடியில் உருட்டுங்கள், வளைந்தது துள்ளும். வால்வு ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்துங்கள், குட்டையானது தளர்ந்தது. ரொக்கர் ஷாப்டின் கீழ்ப்பக்கத்தை நகத்தால் தடவுங்கள்; படி தட்டினால் மாற்ற வேண்டும். வால்வைத் தொடும் ரொக்கர் முனையில் குழி இருந்தால், 0.012 அங்குல ஃபீலர் கேஜ் குழிக்கு மேலே பாலம்போலக் கிடந்து பொய்யான அளவு காட்டும். சரியாக வைத்தும் 'டக் டக்' சத்தம் போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய கேம் பூட்டினால் மேடுகளிலும் டப்பெட் அடிகளிலும் அதற்கான பசையைத் தடவுங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஐட்லில் விடாமல், சுமார் 2,000 சுற்று வேகத்தில் 20 நிமிடம் ஓட்டுங்கள். குறைந்த வேகத்தில் மேடுகளுக்குப் போதிய ஒயில் தெறிக்காது.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினென்றால் கேமை இன்னும் கவனமாகப் பாருங்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்திருக்கும். அந்தக் காலத்தில் வேறு வழியிருக்கவில்லை. இன்று டப்பெட் வாங்கக் காசு போதாதென்றால், புதிய கேமையும் இப்போது பூட்டாதீர்கள். இரண்டையும் சேர்த்து வாங்கும்வரை பொறுங்கள்.