தோலைப் படித்த விவசாயி மகன்

1922இல் ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தவர் கலாநிதி நாயுடம்மா. பனாரஸ் பல்கலைக்கழகத்தில் தொழில் இரசாயனம் பயின்று, தோல் பதனிடலைத் தமது துறையாக்கினார். சாதியின் பெயரால் இழிவாக எண்ணப்பட்ட தொழில் அது. அதைத் தேர்ந்ததையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

உரித்த தோலுக்கு உடனே உப்பிடாவிட்டால் அழுகும். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவிட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். (எமது வரண்ட நிலங்களிலும் ஆவாரை பூக்கிறதே!)

1958 முதல் 1971 வரை அவர் சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளர். பின்னர் இந்திய விஞ்ஞான ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராகி, கரீம்நகர் மாவட்டக் கிராமங்களுக்கு விஞ்ஞானிகளை அனுப்பினார். 1985 யூன் 23இல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் மாண்ட 329 பேரில் அவரும் ஒருவர்.