பூனைக்கும் சுகர் வருமா? இன்சுலின் போடும்போது கவனிக்க வேண்டியது என்ன?

மனிதர்களைப் போலவே பூனைகளுக்கும் சர்க்கரை நோய் வரும். பெரும்பாலான பூனைகளுக்கு தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி தேவைப்படும். ஊசி போடுவது சில நாளில் பழகிவிடும். அளவுதான் சிக்கல். ஒருநாள் சுகர் கொஞ்சம் கூடினால் சமாளிக்கலாம். ஆனால் இன்சுலின் அதிகமாகி சுகர் சட்டென இறங்கினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

அறிகுறிகள் என்ன?

அடிக்கடி தண்ணீர் குடிக்கும், நிறைய சிறுநீர் கழிக்கும், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும். சில பூனைகள் பின்னங்காலின் குதிப்பகுதி தரையில் படும்படி நடக்கும். நடுத்தர வயதைத் தாண்டிய, குண்டான, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு வாய்ப்பு அதிகம். டாக்டரிடம் கொண்டுபோகும் பயத்திலேயே பூனைக்கு சுகர் 300-ஐ தாண்டலாம். அதனால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து மட்டும் முடிவு செய்ய மாட்டார்கள்.

எவ்வளவு இன்சுலின்?

வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, 1 யூனிட் அல்லது அதற்கும் குறைவாகத்தான் ஆரம்பிப்பார்கள். அளவு இவ்வளவு சின்னது என்பதால் அரை யூனிட் கூடினாலே பெரிய வித்தியாசம் வரும்.

சிரிஞ்சில் கவனம் தேவை

நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் யு-40, யு-100 என இரண்டு வகை இன்சுலின் கிடைக்கிறது. முதலாவதில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், இரண்டாவதில் 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் 1 யூனிட் கோடு வரை எடுத்தால், பூனைக்குப் போவது இரண்டரை யூனிட்! பாட்டிலில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

காலையில் சுகர் அதிகமாக இருந்தால் டோஸை ஏற்றலாமா?

கூடாது. உதாரணமாக, காலை 8 மணிக்கு ஊசிக்கு முன்பு சுகர் 350 என வைத்துக்கொள்வோம். 'மருந்து பத்தலை' என்றுதான் தோன்றும். ஆனால் மதியம் 2 மணிக்கு அதே பூனைக்கு 80 காட்டலாம். ஊசி போட்ட 4 முதல் 8 மணி நேரத்துக்குள்தான் சுகர் பொதுவாக மிகவும் இறங்கும். இந்த நிலையில் டோஸை ஏற்றினால் மதியம் ஆபத்தான அளவுக்குப் போய்விடும். அதனால்தான் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என 12 மணி நேரம் அளந்து, அந்தக் கணக்கைப் பார்த்துதான் டாக்டர் அளவை மாற்றுவார்.

வீட்டில் எப்படி அளப்பது?

காது ஓரத்தில் லேசாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எனவே எந்த மீட்டர் பயன்படுத்துகிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தோலில் ஒட்டும் சென்சாரையும் இப்போது பூனைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

பூனை சாப்பிடலைன்னா?

வழக்கமான டோஸை அப்படியே போட்டுவிடாதீர்கள். முதலில் டாக்டருக்கு போன் பண்ணுங்கள். ஊசி போடும்போது மருந்து வெளியே சிந்தியதா என்று சந்தேகம் வந்தாலும், மறுபடி போடக் கூடாது. அடுத்த வேளைக்குக் காத்திருப்பதே பாதுகாப்பு.

சுகர் இறங்கினால் உடனே என்ன செய்வது?

சோர்வு, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு ஆகியவை எச்சரிக்கை மணி. அளந்ததில் 60-க்கு கீழே காட்டினாலும் அப்படித்தான். பூனை சாப்பிடும் நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுங்கள். சாப்பிட முடியாவிட்டால் தேன் அல்லது சர்க்கரைப் பாகை ஈறில் தடவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வலிப்பின்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

வாழ்நாள் முழுக்க ஊசியா?

எல்லாப் பூனைக்கும் அப்படி இல்லை. சீக்கிரமே சிகிச்சை தொடங்கி, மாவுச்சத்து குறைந்த, புரதம் அதிகமான உணவு கொடுத்தால், சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வருவதுண்டு. உணவு மாறினாலே இன்சுலின் தேவை மளமளவெனக் குறையலாம் என்பதால், பால் சாதம், தயிர் சாதத்தை நிறுத்தும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். பூனை தேறி வரும்போதும் சுகரை அளப்பதை விட்டுவிடக் கூடாது. தேவை குறைந்த பிறகும் பழைய டோஸே தொடர்ந்தால், அதுவே ஆபத்தாகிவிடும்.