ஓடும் முன் ஒரு வலி மாத்திரை

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “என் மகள் ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறாள். ஓட்டத்துக்கு அரை மணி முன்னால் ஒரு டைக்ளோ போட்டுக்கொண்டால் முழங்கால் தெரியாது என்று கூட ஓடுகிற பிள்ளைகள் சொல்கிறார்களாம். ஊக்கமருந்துப் பட்டியலில் அது இல்லையாம். அப்படியானால் பயமில்லைதானே?”

பட்டியலில் இல்லைதான். வலி மருந்துகளில் அபின் வகையைச் சேர்ந்தவற்றைத்தான் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா போட்டி நேரத்தில் தடுக்கிறது. அந்த வரிசையில் டிரமடால் சேர்ந்ததே 2024 ஜனவரியில். சைக்கிள் பந்தயச் சங்கம் 2019லேயே அதைத் தடை செய்து முந்திக்கொண்டது. 2022 டூர் டி பிரான்ஸில் ஆறாவதாக வந்த கொலம்பியாவின் நைரோ கின்டானா, ரத்தத்தில் டிரமடால் இருந்ததால் அந்த இடத்தை இழந்தார். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அசிக்லோஃபினாக் போன்றவை இன்றும் அனுமதிக்கப்பட்டவையே. ஒரு மருந்தைத் தடை செய்ய வாடாவிடம் மூன்று அளவுகோல்கள்: திறனைக் கூட்டுமா, உடலைக் கெடுக்குமா, விளையாட்டு உணர்வுக்கு விரோதமா. இவற்றில் இரண்டு பொருந்தியாக வேண்டும். உடலைக் கெடுப்பது ஒன்று மட்டும் போதாது. ஆகவே பட்டியலைப் பார்த்து மாத்திரையின் குணத்தை முடிவு செய்யக் கூடாது.

இந்த மாத்திரைகள் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதைத் தடுக்கின்றன. இதைக் கண்டுபிடித்தவர் ஜான் வேன். ஆண்டு 1971, நோபல் பரிசு 1982. வரலாறு இவ்வளவு போதும். வலியையும் வீக்கத்தையும் கிளப்பிவிடும் அதே பொருள் சிறுநீரகத்தில் வேறொரு வேலை பார்க்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்ற வடிகட்டும் அலகுகள் ஏறத்தாழ பத்து லட்சம். ஒவ்வொன்றின் தலையிலும் குளோமருலஸ் என்ற நுண்குழாய் முடிச்சு. உடம்பின் மற்ற இடங்களில் நுண்குழாய்க்குப் பிறகு சிரை வரும். இங்கே மட்டும் உள்ளே ஒரு தமனி, வெளியேயும் ஒரு தமனி. வாணியாற்றுப் பக்கம் சொட்டுநீர் போட்டிருக்கும் விவசாயிக்கு இது உடனே புரியும். சொட்டுவானில் தண்ணீர் சொட்ட, குழாயில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, அழுத்தம் வேண்டும். தலைப்பு வால்வைத் திறந்து கடைசி முனையை மூடினால்தான் நடுவில் அழுத்தம் நிற்கும். சித்திரையில் கிணறு இறங்கி மோட்டார் இளைத்தால் என்ன செய்வார்? கடைசி முனையை இன்னும் இறுக்குவார், தலைப்பு வால்வை முழுக்கத் திறப்பார். சிறுநீரகமும் அதையேதான் செய்கிறது. கடைசி முனையை இறுக்குவது ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன். தலைப்பு வால்வைத் திறந்து பிடித்திருப்பது புராஸ்டாகிளாண்டின். இரண்டும் சேர்ந்து, வரத்து குறைந்தாலும் வடிப்பு நிற்காமல் காக்கின்றன. (சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சொட்டவிடும் 180 லிட்டரில் ஒன்றரை லிட்டர் போக மீதியைக் குழாய்க்கே திருப்பி உறிஞ்சிக்கொள்கிறது. அப்படி ஒரு சொட்டுநீர்க் கருவியை யாராவது விற்க வந்தால் மானியத்தோடு கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.)

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் திடமான இளைஞரிடம் இந்தத் தலைப்பு வால்வுக்கு வேலையே இல்லை. ரத்தம் தாராளமாக வருகிறது. மாத்திரை புராஸ்டாகிளாண்டினை நிறுத்தினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பல்வலிக்கு மாத்திரை போட்ட பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் போகாததன் காரணம் இதுதான். மே மாத வெயிலில் ஓடுகிற பெண்ணின் கதை வேறு. ரத்தம் தொடைத் தசைக்கும் தோலுக்கும் பாய்கிறது. சிறுநீரகத்துக்கு வழக்கமாக வருவதில் நாலில் ஒரு பங்குகூட வராத அளவுக்குக் குறையலாம். வியர்வையில் தண்ணீரும் போய்விட்டது. வால்வு உண்மையாகவே தேவைப்படும் அந்த நேரத்துக்கென்று குறிவைத்தாற்போல அரை மணி முன்னதாக மாத்திரை போட்டு வால்வை விடச் செய்கிறோம்.

சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நெடுந்தூர ஓட்டக்காரர்கள் 89 பேரை 80 கிலோமீட்டர் ஓடவிட்டு, ஒரு சாராருக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபனும் மறு சாராருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி. வெற்று மாத்திரைக்காரர்களில் 34. உடனே ‘மாத்திரை சிறுநீரகத்தைக் கொல்கிறது’ என்று தலைப்புப் போட வேண்டாம். 89 பேர் சின்னக் கூட்டம். இந்த வித்தியாசத்தில் தற்செயலுக்கும் இடமிருக்கிறது. நெடும் ஓட்டத்துக்குப் பின் வரும் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே சரியாகிவிடும். மாத்திரை இல்லாமல் ஓடியவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு வந்திருப்பதையும் பாருங்கள். ஐயாயிரம் மீட்டர் எண்பது கிலோமீட்டரும் ஆகாது. கவலை ஒரு மாத்திரையைப் பற்றியதல்ல, அது வழக்கமாகிவிடுவதைப் பற்றியது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆடியவர்களில் 39 விழுக்காட்டினர் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் வலி மருந்து எடுத்தார்கள் என்று ஃபிஃபா மருத்துவர்களே கணக்குச் சொன்னார்கள். பெரிய ஆட்டக்காரர் செய்வதைச் சின்னப் பிள்ளை செய்யாதா?

பாப்பிரெட்டிப்பட்டி இருக்கும் தர்மபுரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நிலத்தடி நீரின் ஃப்ளோரைடு பலரது எலும்பையும் மூட்டையும் பதம்பார்த்த ஊர் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. மூட்டுவலி பழகிய வீட்டில் மாத்திரை அட்டை எட்டும் தூரத்தில்தான் இருக்கும். பிள்ளை யாரையும் கேட்க வேண்டியதில்லை.

“நிறையத் தண்ணீர் குடித்துவிட்டால்?” என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. இங்கேயும் புராஸ்டாகிளாண்டின் குறுக்கே வருகிறது. சிறுநீரைக் குறைத்துத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஏடிஹெச் ஹார்மோனுக்கு அது ஒரு கடிவாளம். மாத்திரை அந்தக் கடிவாளத்தையும் அவிழ்த்துவிடும். நீண்ட ஓட்டத்தில் தாகத்துக்கு மேல் குடித்த தண்ணீர் வெளியேறாமல் தங்கி, ரத்தத்தின் சோடியம் இறங்கும்; முற்றினால் மூளை வீங்கி வலிப்பு வரை போகலாம். ஆகவே தாகத்துக்குக் குடிக்கட்டும், மாத்திரையை விடட்டும், முழங்காலை ஒரு எலும்பு மருத்துவர் தொட்டுப் பார்க்கட்டும். கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 160 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஐபுபுரூஃபன் போட்டு ஓடியவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டபோது, தசைவலியில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை.