பகைமை நீத்த நகரத் தலைவர்

ஜெர்மானியப் படைத்தலைவரான தந்தை ரோம்மெலின் போர்த்திறனை உலகம் அறியும். தனயர் மான்ஃப்ரெட் ரோம்மெலின் நெஞ்சுரத்தை அறிந்தவர் நம்மில் சிலரே. 1944 அக்டோபரில், ஹிட்லரின் நிர்ப்பந்தத்தால் விஷமருந்தி உயிர்நீக்கப் புறப்பட்ட தந்தைக்கு விடைகொடுத்த அந்தப் 15 வயதுச் சிறுவர், பின்னர் சட்டம் பயின்று, 1974 முதல் 1996 வரை ஷ்டுட்கார்ட் நகரத்தின் மேயராக விளங்கினார்.

1977 அக்டோபரில், பாடர், என்ஸ்லின், ராஸ்பே என்னும் பயங்கரவாதிகள் மூவர் அந்நகரின் ஷ்டாம்ஹைம் சிறையில் மாண்டபோது, அவர்களுக்கு நகர மயானத்தில் இடமளிக்கலாகாதென்று ஜனங்கள் கொதித்தெழ, பகைமையெல்லாம் மரணத்தோடு முடிய வேண்டுமென்று கூறி, எதிர்ப்பைப் பொருட்படுத்தாது, ஒரே கல்லறையில் மூவரையும் அடக்கம் செய்ய அவர் அனுமதித்தார். கொன்றவர்களே ராஜமரியாதையோடு தம் தந்தையை அடக்கம் செய்த பொய்மையைக் கண்ணாரக் கண்டவரல்லவா! இத்துணிவையே அவருடைய ஏனைய சாதனைகளினும் மேலானதாக மதிக்கிறேன். 1982-இல் அந்நகரத்தார் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர்.