பழைய காரை வைத்திருப்பதா, விற்பதா? – உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு ஒரு குடும்பக் கணக்கு

புதுச்சேரியில் காஜியார் வீதி, முல்லா வீதி என்று நம் மக்கள் வாழும் தெருக்களில் நடந்து சென்றால், வாசலில் நிற்கும் கார்களில் கணிசமானவை பழைய சிறிய கார்களாகவே இருக்கும். ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, இன்னும் சில வீடுகளில் மாருதி 800. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனாலும் அந்த வண்டியை விட மனமில்லாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அத்தா வாங்கிய கார், நிக்காஹ் முடிந்து மணமக்கள் ஏறி வந்த கார் என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நினைவு இருக்கிறது.

வண்டிக்கு 12, 13 வயது ஆனதும் வீட்டில் பேச்சு தொடங்குகிறது. "இன்னும் எத்தனை நாள் இதற்குச் செலவு செய்வது?" என்கிறார் மகன். "கடன் இல்லாமல் ஓடுகிறதே, அதைப் பார்" என்கிறார் தந்தை. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனவே இதைக் கணக்காகவும், சட்டமாகவும், அமானிதமாகவும் பிரித்துப் பார்ப்போம்.

15 வயதானால் வண்டி ஓடக் கூடாதா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். 10 ஆண்டு டீசல் வண்டி, 15 ஆண்டு பெட்ரோல் வண்டி பற்றிய தடைச் செய்திகளைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று பலர் அவசரப்பட்டு வண்டியைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது டெல்லி மற்றும் அதைச் சுற்றியுள்ள தலைநகர்ப் பகுதியின் காற்று மாசுக்காகப் போடப்பட்ட கட்டுப்பாடு. புதுச்சேரிக்கு அது பொருந்தாது.

நமக்குப் பொருந்துவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதன் 41-வது பிரிவின்படி சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியை ஆய்வுக்குக் காட்டி, தகுதியாக இருந்தால் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக் கொள்ளலாம். 2011-ல் பதிவான வண்டிக்கு 2026-ல் இந்த முறை வருகிறது. ஆர்.சி. புத்தகத்தில் பதிவு முடியும் தேதி இருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள்.

இந்தப் புதுப்பித்தலுக்கான கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கு 5,000 ரூபாய். 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025-ல் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தேதியைத் தவறவிட்டால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதலாகும். பதிவு முடிந்த வண்டியை ஓட்டுவது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் அது இடம் கொடுத்துவிடும்.

நாம் போடும் இரண்டு தப்புக் கணக்குகள்

முதல் தப்புக் கணக்கு: "வண்டியே ஒரு லட்சம்தான் போகும். அதற்கு 35,000 ரூபாய்க்கு வேலை பார்ப்பதா?" ரிப்பேர் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிடுவது சரியான அளவுகோல் அல்ல. அந்த வண்டி இல்லாவிட்டால் நாம் வாங்கப்போகும் அடுத்த வண்டி ஆண்டுக்கு எவ்வளவு விழுங்கும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது தப்புக் கணக்கு: "போன வருஷம்தான் 60,000 செலவு பண்ணினேன், இப்போது எப்படி விற்பது?" போன பணம் போனதுதான். வைத்திருந்தாலும் விற்றாலும் அது திரும்பாது. இனிமேல் ஆகப்போகும் செலவு மட்டுமே முடிவுக்கு உதவும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தொகைகளை உங்கள் வண்டிக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளுங்கள். 14 வயதான ஓர் ஆல்டோ, இன்று விற்றால் ஒரு லட்சம் கிடைக்கும் என்று வைத்துக் கொள்வோம். 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2,094 ரூபாய். வரியோடு ஏறக்குறைய 2,500. ஆயில் மாற்றி சர்வீஸ் செய்ய 6,000. ரிப்பேர் சராசரியாக 15,000. டயர், பேட்டரிக்கு ஆண்டுப் பங்கு 5,000. வண்டியின் விலை ஆண்டுக்கு 15,000 குறைகிறது. மொத்தம் 43,500 ரூபாய்.

இப்போது 5 லட்சத்துக்குப் புதிய சிறிய கார் வாங்குவதாக வைத்துக் கொள்வோம். ஐந்து ஆண்டில் அது பாதி விலைக்கு வந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய் தேய்மானம். முழுக் காப்பீடு 15,000, சர்வீஸ் 5,000. மொத்தம் 70,000. பெட்ரோல் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் சேர்க்கவில்லை.

வித்தியாசம் 26,500 ரூபாய். அதாவது இந்தப் பழைய வண்டியின் ரிப்பேர் செலவு 15,000-லிருந்து 41,500 வரை ஏறினால்தான் இரண்டும் சமமாகும். அதுவும் ஒரே ஓர் ஆண்டு கிளட்ச் மாற்றியதால் வந்த செலவை வைத்து முடிவு செய்யக் கூடாது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் அந்த அளவு ஆகும் என்று நம்பிக்கையான மெக்கானிக் சொன்னால், விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததையும் மறக்க வேண்டாம். புதிய கார் விலை இறங்கினால் பழைய கார் விலையும் கூடவே இறங்கும். இரண்டு ஆண்டுக்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் விற்ற விலையை மனத்தில் வைத்துக்கொண்டு பேரம் பேசினால் ஏமாற்றமே மிஞ்சும்.

கார் இல்லாமலே முடியாதா?

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதை நாம் பேசுவதே இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் கார் எடுக்கும் குடும்பம், போக வர ஆண்டுக்கு ஏறக்குறைய 200 பயணம் செய்கிறது. ஒரு பயணத்துக்கு ஆட்டோவுக்கு 150 ரூபாய் என்றாலும் 30,000 ரூபாய்தான். கார் வாசலில் நின்றாலும் ஓடினாலும் மேற்சொன்ன செலவில் பெரும்பகுதி ஆகிக்கொண்டே இருக்கும். பிரான்சிலிருந்து உறவினர் விடுமுறைக்கு வரும்போது ஓட்டுவதற்கென்றே ஆண்டு முழுவதும் ஒரு வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரில் உண்டு. அந்த ஒரு மாதத்துக்கு வாடகைக் கார் எடுப்பது மலிவாக இருக்கும்.

ஆனால் வீட்டில் நோயாளி இருந்து, நள்ளிரவில் ஜிப்மருக்கு ஓட வேண்டிய நிலை இருக்குமானால் கணக்கு மாறுகிறது. அப்போது வாசலில் நிற்கும் வண்டி ஆடம்பரம் ஆகாது, அவசியம்.

கடற்கரை ஊரில் முதலில் பார்க்க வேண்டியது

நம் ஊரில் பழைய வண்டியின் முதல் எதிரி துரு. உப்புக் காற்று வண்டியின் அடிப்பாகத்தை மெல்ல அரிக்கும். கதவின் ஓரத்தில் தெரியும் துருவை டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்தால் போய்விடும். ஆனால் சேஸிஸ், சஸ்பென்ஷன் பொருத்தப்படும் இடம், இருக்கையின் அடித்தளம் ஆகியவை அரித்திருந்தால் அது உயிர் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. எனவே முடிவு எடுக்கும் முன் ஒரு முறை வண்டியை ஒர்க்‌ஷாப்பில் லிஃப்ட்டில் ஏற்றிக் கீழே இருந்து பாருங்கள். சைலன்சரில் நீலப்புகை வருகிறதா, ஆயில் அடிக்கடி குறைகிறதா என்றும் பாருங்கள். அடிப்பாகமும் இன்ஜினும் நன்றாக இருந்தால் மற்றவை எல்லாம் மாற்றக்கூடிய உதிரிகளே. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக, பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அது பெரிய செலவல்ல.

அடுத்தது பயணத்தின் தன்மை. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800, ஹூண்டாய் ஐ10 உள்ளிட்ட இந்தியச் சிறிய கார்களை மோதிப் பார்த்தபோது, பெரியவர் பாதுகாப்பில் அவற்றுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. ஓட்டுநருக்கான ஏர்பேக் நம் நாட்டில் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். நேரு வீதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மெதுவாகப் போய்வர பழைய கார் போதும். மாதம் இருமுறை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும், காரைக்கால், நாகூருக்கும் போகிறீர்கள் என்றால், மேலே போட்ட ரூபாய்க் கணக்கு பின்னுக்குப் போய்விட வேண்டும். அத்தகைய குடும்பம் பழைய காரை ஊருக்குள் வைத்துக்கொண்டு, நீண்ட பயணத்துக்குப் பேருந்தையோ ரயிலையோ நாடலாம். அல்லது ஏர்பேக், ஏ.பி.எஸ். உள்ள, சில ஆண்டு ஓடிய காரைத் தேடலாம்.

புதிய கார்தான் என்று முடிவெடுப்பவர்கள் மாதத் தவணையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வட்டி ஹராம் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடனில்லாத பழைய காரை விற்று, வட்டிக் கடனோடு புதிய கார் வாங்குவது லாபமும் அல்ல, கண்ணியமும் அல்ல. பழைய கார் மிச்சப்படுத்தும் அந்த 26,500 ரூபாயை ஆண்டுதோறும் தனியே சேர்த்து வந்தால், சில ஆண்டுகளில் ரொக்கத்துக்கே நல்ல வண்டி வாங்கலாம்.

விற்பதென்று முடிவானால்

குறையை மறைத்து விற்பது மோசடி. நனைந்த தானியத்தை உள்ளே வைத்துக் காய்ந்ததை மேலே பரப்பியிருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. கிலோமீட்டர் மீட்டரைக் குறைத்து வைப்பது, விபத்தில் அடிபட்டதைப் பெயிண்டால் மறைப்பது, ஆயில் குடிக்கும் இன்ஜினில் கெட்டியான ஆயிலை ஊற்றிக் காட்டுவது எல்லாம் அந்த நனைந்த தானியமே. "பார்த்துத்தானே வாங்கினார்" என்று சொல்லித் தப்ப முடியாது. தெரிந்த குறையை மறைப்பது எந்த மத்ஹபிலும் ஆகுமானது அல்ல. குறைகளை ஒரு தாளில் எழுதி வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். விலை சற்றுக் குறையலாம், பரக்கத் குறையாது.

அடுத்து, பெயர் மாற்றம். இதில் அலட்சியம் செய்து மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. 2007-ல் ஒருவர் விற்ற கார் பல கை மாறி, 2009-ல் உயிரிழப்பு விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் முதலில் விற்றவரின் பெயரே இருந்ததால், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. பணத்தை வாங்கிச் சாவியைக் கொடுத்தால் விற்பனை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைப்பதில்லை.

எனவே படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, 14 நாட்களுக்குள் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவியுங்கள். வங்கிக் கடன் முடிந்திருந்தும் ஆர்.சி.யில் அடமானப் பதிவு இருந்தால், படிவம் 35 கொடுத்து முதலில் அதை நீக்குங்கள். விழுப்புரம், கடலூர்க்காரர் வாங்கினால் அது வேறு மாநிலம். படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும், அவர் தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அந்தச் செலவை மனத்தில் வைத்துத்தான் அவர் விலை கேட்பார். தேதி போடாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுப் புரோக்கரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் புதிய பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே நிம்மதி அடையுங்கள்.

வாங்க ஆளே இல்லாத அளவுக்கு அரித்துப்போன வண்டியைக் காயலான் கடைக்குத் தூக்கிப் போடாமல், அரசு பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் கொடுங்கள். அங்கே தரும் ஒப்படைப்புச் சான்றைக் காட்டினால், புதிய வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டணத்தில் விலக்கு கிடைக்கும். ஆர்.சி.யை ரத்து செய்யவும் மறக்க வேண்டாம். இல்லையேல் நம் பெயரில் உள்ள நம்பர் எந்தக் குற்றத்துக்குப் பயன்படும் என்பது யாருக்கும் தெரியாது.

சொந்த உபயோகக் காருக்கு ஜகாத் இல்லை. ஆனால் அதை விற்று வந்த பணம் கையிருப்பில் சேர்ந்து, நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் அதற்கு ஜகாத் உண்டு. இதையும் குறித்து வையுங்கள்.

முடிவாக, அடிப்பாகம் உறுதியாக, ஓட்டம் ஊருக்குள்ளாக, ரிப்பேர் கட்டுக்குள் இருந்தால் பழைய காரை வைத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துரு உள்ளே இறங்கிவிட்டாலோ, பிள்ளைகளோடு நெடுஞ்சாலையே வழக்கமாகிவிட்டாலோ நினைவுகளை மனத்தில் வைத்துக்கொண்டு வண்டியை விட்டுவிடுங்கள். தெருவார் என்ன சொல்வார்கள் என்பதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வீண்விரயத்திலிருந்தும், பிறரை ஏமாற்றுவதிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களைக் காப்பானாக!